கண்ணாடிக் கூட்டுக்கு ஓர் ஆணி

கண்ணு,

தீர்த்தமலையான் உன் பக்கம் ஒரு பார்வை வைத்திருக்கட்டும். கிருஷ்ணகிரியில் உன் பெரியம்மா வீட்டு விருந்து உனக்கு ஒத்துக்கொள்கிறது என்று நம்புகிறேன். அவள் எதிலும் ஒரு கை வெல்லத்தைப் போடுகிறவள்; நீ வாயைக் கட்டு, ரவிக்கைக்கு அளவு கொடுத்தாகிவிட்டது. இங்கே பாப்பாரப்பட்டியில் பந்தல்காரனுக்குச் சொல்லியாயிற்று. கல்யாணத்துக்குச் சர்க்கரை பர்மிட் கேட்டு உங்கப்பா நடையாய் நடக்கிறார். உன்னை அழைத்துவர வரும்போது அவர் இந்தக் கடிதத்தையும் வெள்ளைத் துணியில் கட்டிய ஒரு சின்ன முடிச்சையும் உன்னிடம் தருவார். முடிச்சுக்குள் இருப்பது நீ கேட்ட மூக்குக்கண்ணாடிக் கூடு. அதை அவிழ்ப்பதற்கு முன்னால் இதை முழுவதும் படித்துவிடு. நேரில் சொல்லலாம்தான். ஆனால் நீ பாதியில் கண்ணைத் துடைக்க ஆரம்பிப்பாய், உன்னைப் பார்த்து நானும் ஆரம்பிப்பேன், சொல்ல வந்தது பால் பொங்கி அடுப்பில் விழுந்த மாதிரி வீணாகப் போகும்.

நீ கேட்டது உனக்கு நினைவிருக்கும். நிச்சயதார்த்தம் முடிந்து எல்லோரும் போனபிறகு சமையலறையில் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றாய். "அம்மா, கண்ணாடி வெக்கிற இந்தத் தகரப் பொட்டி இடுப்புல நிக்க மாட்டேங்குது. நடந்தா குலுங்குது, குனிஞ்சா குத்துது. தோல்ல மெல்லிசா ஒண்ணு இருந்தா சீலைக்குள்ள செருகிக்குவேன். யாருக்கும் தெரியாது" என்றாய். எத்தனை நாளைக்கு இப்படி ஒளித்து வைப்பாய் என்று கேட்டேன். "ஒரு புள்ள பொறக்கற வரைக்கும்மா. அப்பறம் தெரிஞ்சா யார் என்ன பண்ண முடியும்?" என்றாய். இருபது வயதுகூட ஆகாத பெண் வாயில் அவ்வளவு கணக்கு எப்படி வந்தது என்று நான் திரும்பிப் பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் பாத்திர அடுக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாய். செய்து தருகிறேன் என்றேன். யாரிடமும் சொல்லமாட்டேன் என்றும் சொன்னேன். முதல் வாக்கைக் காப்பாற்றிவிட்டேன். இரண்டாவது வாக்கு என்ன ஆயிற்று என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உன் கண்ணைப் பற்றி எனக்கு முதலில் தெரிந்தது தீர்த்தமலையில். நீ அப்போது பால்பல் விழுகிற வயது. பாறையின் உச்சியிலிருந்து தீர்த்தம் நூல் மாதிரி இறங்குமே, அதன் கீழே ஜனங்கள் தலையை நீட்டிக்கொண்டு நின்றார்கள். "பார் கண்ணு, சாமி தண்ணி எவ்வளவு ஒசரத்துலருந்து வருது" என்று காட்டினேன். நீ மேலே பார்த்தாய், அந்தப் பக்கம் பார்த்தாய், இந்தப் பக்கம் பார்த்தாய். "எங்கம்மா? சத்தம்தான் கேக்குது" என்றாய். குறும்பு பண்ணுகிறாய் என்று நினைத்துத் தலையைப் பிடித்துத் திருப்பிவிட்டேன். தண்ணீர் உன் நெற்றியில் விழுந்த பிறகுதான் "ஆங், இருக்குது" என்று சிரித்தாய். மலை இறங்கும்போது ஒவ்வொரு படியையும் காலால் தடவிப் பார்த்து நீ இறங்கியதைப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே வந்தேன். அன்று சாமியிடம் கேட்க எனக்கு வேறு ஏதோ வேண்டுதல் இருந்தது. என்னவென்று இப்போது நினைவில்லை.

பிறகு சேலம், டாக்டர், கண்ணாடி எல்லாம் உனக்குத் தெரியும். கண்ணாடி போட்டுக்கொண்டு வெளியே வந்தவள் எதிரே நின்ற வேப்பமரத்தைப் பார்த்து, "அம்மா, எலையெல்லாம் தனித்தனியா இருக்குது!" என்று கத்தினாய். ஊருக்கு வந்ததும் தெருப்பிள்ளைகள் உனக்கு நாலு கண்ணி என்று பேர் வைத்தார்கள். நம் பக்கத்தில் பிள்ளைகளை எல்லோரும் கண்ணு என்றுதான் கூப்பிடுகிறோம், இவளுக்கு மட்டும் இரண்டு கூடுதல் என்று உங்கப்பா பதில் சொல்லிக்கொண்டு திரிந்தார். விளையாட்டாகப் போயிற்று. நீ பெரியவளான பிறகுதான் அது விளையாட்டாக இல்லாமல் போயிற்று. கண்ணாடி போட்ட பெண் என்று தெரிந்ததும் இரண்டு இடத்தில் ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். கண் போன பெண், பிறக்கிற பிள்ளைக்கும் வரும் என்று ஒரு இடத்தில் சொன்னதாகத் தரகர் வந்து சொன்னார். அதனால்தான் மூன்றாவதாக இந்த இடம் வந்தபோது உன் முகத்திலிருந்து கண்ணாடியைக் கழற்றி வாங்கி அஞ்சறைப் பெட்டிக்குப் பின்னால் வைத்தேன்.

கூடத்துக்குப் போகமாட்டேன் என்று நின்றாய். "ஒண்ணுமே தெரியாதும்மா" என்றாய். உங்கப்பா கதவோரம் நின்று, "ஏ புள்ள, அவங்கதான் உன்னைப் பாக்க வந்திருக்காங்க. நீ எதுக்குப் பாக்கோணும்?" என்றார். கேலிக்குத்தான் சொன்னார், நானும் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. வெற்றிலைத் தட்டை மாப்பிள்ளையின் அம்மாவிடம் நீட்டு என்று சொல்லி அனுப்பினால், நீ நேராகப் போய்த் தரகரிடம் நீட்டினாய். அந்த மனிதர் தை மாதக் குளிருக்கு மாம்பழ நிறச் சால்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உன் கண்ணுக்கு அது சேலை முந்தானை மாதிரி, நீ என்ன செய்வாய்? நல்லவேளை, அவர் வாய்ச்சாலக்காரர். "அட, தரகனுக்கு மொத மரியாத! இந்த வூட்டுல பொண்ணெடுத்தா ஊர்ல எம் மதிப்பு ஏறிடும்" என்று சொல்லிச் சபையைச் சிரிக்கவைத்துவிட்டார். அன்று சாயங்காலம் மாப்பிள்ளை எப்படி இருக்கிறார் என்று உன்னைக் கேட்டேன். "நாற்காலியில வெள்ளையா ஒண்ணு இருந்துதும்மா. நடுவுல இருமுச்சு. அதான் மாப்ளன்னு நெனச்சிக்கிட்டேன்" என்றாய். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். படுத்த பிறகுதான் அதில் சிரிக்க ஒன்றுமில்லை என்று தெரிந்தது.

தோல் வாங்கத் தர்மபுரிக்குப் போனோம். யுத்தத்துக்கு இரும்பு வேண்டுமென்று ரயில் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனபிறகு பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடுகிற பஸ்தான் நமக்குக் கதி. கல்யாணப் பாத்திரம் பார்க்கப் போகிறோம் என்று ஊரில் சொல்லிவிட்டு, ஜட்கா வண்டிகள் நிற்கிற தெருவில் சேணம் தைக்கிற பாய் கடைக்கு உங்கப்பாவை இழுத்துக்கொண்டு போனேன். அவர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். "வாங்கம்மா. கல்யாண வூட்டுக்காரங்க மாதிரி இருக்கீங்க, குதிர வாங்கியிருக்கீங்களா?" என்று கேட்டார். உள்ளே மூங்கில் தட்டிக்குப் பின்னாலிருந்து அவர் வீட்டம்மா, "மாப்ளைக்குக் கடிவாளம் வேணுமோ என்னமோ, கேளுங்க" என்றார். உங்கப்பாவுக்கு அந்த அம்மாவை அங்கேயே பிடித்துப்போயிற்று.

இத்தனை அகலம், இத்தனை நீளம், மெல்லிசாக, ஆனால் துவளாமல் ஒரு தோல் துண்டு வேண்டும் என்றேன். "நல்ல தோலெல்லாம் பட்டாளத்துக்காரன் பூட்ஸுக்குப் போயிட்டுதும்மா. இது மிச்சத் துண்டுதான். ஆனா ஆவாரம்பட்டையில ஊறி வந்தது, ஆயுசுக்கும் இருக்கும்" என்று ஒன்றை எடுத்தார். நான் கையை நீட்டாமல், "ஆடுங்களா, மாடுங்களா?" என்று கேட்டேன். "ஆடுதாம்மா. உங்க நெத்தியப் பாத்துட்டுத்தான் அதுல கைய வெச்சேன்" என்றார். என் நெற்றியில் விபூதி. பிறகு, அறுந்துபோன பழைய வார் ஏதாவது இருந்தால் அதையும் கொடுங்கள் என்றேன். எதற்கு என்றார். பிரித்துப் பார்க்க என்றேன். "தச்சுக் குடுன்னு வருவாங்க. பிரிச்சுப் பாக்கக் கேட்டு வந்தது நீங்கதாம்மா மொதல்ல" என்று சிரித்துக்கொண்டே ஒரு துண்டு வாரைத் தூக்கிப் போட்டார்.

உனக்குத் தெரியும், எனக்கு எதையும் பிரித்துத்தான் கற்றுக்கொள்ளத் தெரியும். என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. கோயிலில் ஓதக் கேட்டுக் கேட்டுப் பதிகங்கள் மனப்பாடம் ஆகியிருந்தன. கல்யாணமாகி வந்தபின், அந்தப் பாட்டு எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று மட்டும் உங்கப்பாவிடம் கேட்டுக்கொண்டு, வாயால் பாடிக்கொண்டே விரலை எழுத்தின்மேல் நகர்த்துவேன். பாட்டு முடிகிற இடத்தில் விரலும் முடிந்தால் சரி. வரி மிச்சமிருந்தால் எங்கோ தப்பு என்று மறுபடி முதலிலிருந்து. தெரிந்த பாட்டைப் பிரித்துத் தெரியாத எழுத்தைக் கண்டுபிடித்தேன். கணக்கு எழுதக் கற்றதும் ஏறக்குறைய அப்படித்தான். அந்த வாரையும் கிணற்றடியில் உட்கார்ந்து பிரித்தேன். ஒரு தையலை அறுத்தேன். துணியாக இருந்தால் இழுக்க இழுக்க அடுத்ததெல்லாம் ஓடிவரும். இது வரவில்லை. பக்கத்துத் தையல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றது. கூர்ந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, ஒரே நூலின் இரண்டு முனையிலும் ஊசி கோத்து, ஒரே துளைக்குள் இந்தப் பக்கத்திலிருந்து ஒன்றும் அந்தப் பக்கத்திலிருந்து ஒன்றுமாக விட்டிருக்கிறார்கள். ஒரு பக்கத்து நூல் தேய்ந்து அறுந்தாலும் மறுபக்கத்து நூல் தாங்கிக்கொள்ளும்.

தையல் பிடிபட்டது. தோலைத் தொடுவதுதான் பிடிபடவில்லை. புலித்தோலை உடுத்தி யானைத்தோலைப் போர்த்துகிறவனைத் தினமும் கும்பிடுகிற கைக்கு ஓர் ஆட்டுத்தோல் துண்டு ஆகாதா? கோயில் மத்தளத்தில் இருப்பது என்ன? அதன் சத்தம் சாமி காதுக்கு ஆகும், அதை நான் தொட்டால் ஆகாதா? இப்படியெல்லாம் எனக்கு நானே நியாயம் பேசிக்கொண்டே இருந்தேன். பேசிக்கொண்டிருக்கும்போதே என் கை மஞ்சளை எடுத்துத் தண்ணீரில் கரைத்துத் தோலின்மேல் தெளித்துவிட்டது. புத்தி எந்தப் பக்கம் போனாலும் கை பழக்கத்தின் பக்கம்தான் போகும், கண்ணு. தீட்டுப் போயிற்றோ இல்லையோ, ஆவாரம்பட்டைத் தோல் அந்த மஞ்சளை உடனே குடித்துவிட்டது. செம்மண் நிறத் தோலில் தேமல் மாதிரி மஞ்சள் திட்டுகள். சீயக்காய் போட்டுப் பார்த்தேன், எலுமிச்சம்பழம் தேய்த்துப் பார்த்தேன். திட்டு அப்படியே இருக்கிறது. முடிச்சை அவிழ்த்ததும் உன் கண்ணில் முதலில் படுவது அதுதான். கணக்கு நோட்டில் இந்தத் தோலை எந்தத் தலைப்பில் எழுதுவது என்றும் ஒரு குழப்பம். சாமி என்று எழுத மனம் வரவில்லை, சமையல் என்று எழுத முடியாது. பிள்ளைகள் என்ற தலைப்பில் எழுதினேன். நீ போனபிறகு அந்தத் தலைப்பில் எழுத எனக்கு என்ன இருக்கப் போகிறது?

போன வருஷம் ஒரு பக்கம் விரிசல் விட்ட உன் பழைய கண்ணாடியைத் துணியில் சுற்றி, ஈரத் தோலை அதன்மேல் அழுத்தி உருவம் வரவைத்தேன். முதல் தடவை அதை வெயிலில் காயவைத்துத் தொலைத்தேன். வடகம் போடுகிறவளுக்கு எதை ஈரமாகப் பார்த்தாலும் வெயில்தான் ஞாபகத்துக்கு வரும். சாயங்காலம் எடுத்தால் ஓரமெல்லாம் சுருண்டு அப்பளம் மாதிரி விறைத்திருந்தது. திரும்ப நனைத்து, நிழலில் மெதுவாக ஆறவிட்ட பிறகு சொன்னபடி கேட்டது. சீப்பை ஓரத்தில் அழுத்தி, அதன் பல் பதிந்த இடங்களில் குத்தூசியால் துளை போட்டேன். மலைக்காரர்கள் சந்தைக்குக் கொண்டுவந்த தேன்மெழுகை நூலுக்குப் பூசினேன். உள்ளே உங்கப்பாவின் பழைய வேட்டித் துணி, கண்ணாடியில் கீறல் விழாமல் இருக்க. வெட்டிய ஓரம் பிசிறாமல் இருக்கப் புளியங்கொட்டைப் பசையைத் தடவிச் சங்கால் தேய்த்தேன். உங்கப்பா மாதிரி ஒரு புளி மண்டிக்காரர் வீட்டில் கொட்டைக்கா பஞ்சம்? கடைசியாகப் பின்பக்கம் ஒரு வளையம் வைத்தேன், நீ கேட்ட மாதிரியே, சேலைக் கொசுவத்தில் செருகினால் நழுவாமல் இருக்க. பழைய கண்ணாடியை உள்ளே விட்டு, உருவம் நிற்கட்டும் என்று கிணற்றுச் சுவர்மேல் நிழலில் வைத்தேன்.

அன்றைக்குப் பார்த்துத்தான் சொல்லாமல் கொள்ளாமல் உன் மாமியார் வந்து வண்டியிலிருந்து இறங்கினார். முகூர்த்தச் சேலைக்கு நிறம் கேட்டுக்கொண்டு போக வந்தாராம். கால் கழுவக் கிணற்றடிக்குப் போனவர் திரும்பி வரவில்லை. நான் சொம்பில் மோரோடு போய்ப் பார்த்தால், கூடு அவர் கையில். மூடியைத் திறந்து கண்ணாடியை வெளியே எடுத்துவிட்டார்.

"சம்மந்தியம்மா, இது யாருதுங்க?" என்று கேட்டார்.

அவங்கப்பாவுதுங்க என்ற பதில் என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. பொய்யென்று தோன்றாதபடி அவ்வளவு சுலபமாக வந்தது. ஆனால் அதற்குள் உன் மாமியார் அந்தச் சின்னச் சட்டத்தைத் தன் முகத்தில் வைத்துப் பார்த்தார். அவர் தேன்கனிக்கோட்டைப் பக்கத்தில் பிறந்து கன்னடம் பேசி வளர்ந்தவர் இல்லையா, திடுக்கிட்டால் அந்தப் பேச்சுதான் வரும். "அய்யோ தேவரே!" என்று சாமியைக் கூப்பிட்டார். "எல்லாம் குட்டியூண்டா, எங்கியோ தூரத்துக்குப் போயிட்டுதே! இதப் போட்டா எனக்கு இருக்கற பார்வையும் போயிடும் போலிருக்குது. இத வெச்சிக்கிட்டு யாருக்குங்க கண்ணு தெரியும்?"

"எம் பொண்ணுக்குத் தெரியுமுங்க" என்றேன். சொல்லிவிட்ட பிறகுதான் சொன்னது எனக்கே காதில் விழுந்தது.

அவர் கண்ணாடியை இறக்கினார்.  "ஏங்க முன்னாடியே சொல்லல?" என்றார்.

"சொல்லியிருந்தா பொண்ணு பாக்க வந்திருப்பீங்களா?"

"வந்திருக்க மாட்டோம்" என்றார். சுற்றி வளைக்காமல் சொன்னார். கோபம் வருவதற்குப் பதிலாக எனக்கு அவர்மேல் ஒரு மரியாதை வந்தது. பிறகு, "கண்ணாடி இல்லாட்டி அரிசியில கல்லு தெரியுமா அவளுக்கு?" என்று கேட்டார். அதெல்லாம் நன்றாகத் தெரியும், கிட்டத்துப் பார்வைக்குக் குறையில்லை, தூரம்தான் புகையாக இருக்கும் என்று சொன்னேன். "அப்ப எதுக்குங்க இது? வூட்டுக்குள்ள இருக்கற பொம்பளைக்குத் தூரத்துல பாக்க என்னங்க இருக்குது?"

கண்ணு, அந்தக் கேள்விக்கு என்ன சொல்வது? யோசித்துப் பார், எனக்கே யாரும் பதில் சொன்னதில்லை. அடுப்பு, அம்மி, கிணறு, சாமி படம், எல்லாம் கைக்கெட்டுகிற தூரம்தான். தீர்த்தமலை உச்சியும் வேப்பமரத்து இலையும் பார்க்காவிட்டால் ஒரு மருமகளுக்கு என்ன குறைந்துவிடும் என்று அவர் கேட்கிறார். நான் மோர்ச் சொம்பைக் கிணற்றுச் சுவர்மேல் வைத்தேன். பிறகு ஏதோ வாயில் வந்தது. "உங்க மொகம் இருக்குதுங்களே. நீங்க வாசப்படியில நின்னு அவளைப் பாத்துச் சிரிக்கிறீங்களா, மொறைக்கிறீங்களான்னு அடுப்படியில இருக்கறவளுக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சிக்கறதுக்காகக் கண்ணச் சுருக்கிப் பாப்பா. பாக்கறவங்களுக்கு அவதான் மொறைக்கிற மாதிரி இருக்கும்" என்றேன்.

உன் மாமியார் சட்டென்று நிமிர்ந்தார். "பொண்ணு பாக்க வந்தன்னிக்கு என்னை மொறச்சா! வண்டி ஏறினதும் எங்கூட்டுக்காரர்கிட்டச் சொன்னேன், பொண்ணு லட்சணந்தான், ஆனா திமிரு புடிச்சவ, என்னைப் பாத்த பார்வையே சரியில்லன்னு. அவர்தான் பரவால்ல விடுன்னு சொன்னாரு."

நாம் ஒளித்தது என்ன செய்திருக்கிறது, பார். கண்ணாடி இல்லாத முகம்தான் அழகு என்று நினைத்து உன்னை அனுப்பினேன். அவர் வீட்டுக்குக் கொண்டுபோனது அழகை இல்லை, முறைப்பை.

 உன் மாமியார் கண்ணாடியைக் கூட்டுக்குள் வைத்தார். மஞ்சள் திட்டை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார். சுவர்மேல் வைத்துவிட்டு, தொட்டியிலிருந்து ஒரு செம்புத் தண்ணீர் மொண்டு, மணிக்கட்டு வரைக்கும் நன்றாகத் தேய்த்துக் கை கழுவினார்.  இந்தச் சம்பந்தத்தைக் கை கழுவுகிறார் என்றே நினைத்தேன். பந்தல், சர்க்கரை, பத்திரிகை எல்லாம் கண்முன்னால் வந்தது. எல்லாவற்றுக்கும் மேலே உன் முகம் வந்தது. என்னை நம்பித்தானே கேட்டாள், நானே கெடுத்துவிட்டேனே என்று நின்றேன். அவர் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "ஏன் இப்படி நிக்கிறீங்க? தோலத் தொட்டுட்டேனில்ல, கை கழுவாம எப்படிங்க சாப்பிடறது? எலை போடுங்க, பசிக்குது. காத்தாலருந்து வண்டியில குலுங்கி வந்திருக்கேன்" என்றார்.

சாப்பிடும்போதுதான் பேசி முடித்தோம். "கண்ணாடி போட்டுக்கட்டும். ஊர்ல நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க, பேசட்டும். பையன்கிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றார். நான் கைகூப்பினேன். அவர் கையை நீட்டித் தடுத்தார். "இருங்க. கண்ணாடி சரி. அந்தத் தோலு எங்கூட்டுக்குள்ள வராதுங்க. நீங்க மஞ்சத்தண்ணி தெளிச்சிருக்கீங்க, பாத்தேன். நானா இருந்தாலும் தெளிச்சிருப்பேன். ஆனா தெளிச்சதால அது தோலில்லன்னு ஆயிடுமா? எங்க மாமியார் காலத்துலருந்து வாசப்படி தாண்டித் தோலு வந்ததில்ல" என்றார். பட்டுத்துணியில் வேறு ஒரு பை தைத்துத் தருகிறேன் என்று சொன்னேன். "எதுக்குங்க? இவ்வளவு பாடுபட்டத வீசறதா? எங்கூட்டுக்காரர் பெல்ட்டு, பையன் மணிபர்ஸ் எல்லாம் வாசப்படிக்கு வெளிய ஆணியிலதான் தொங்குது. பக்கத்துல இன்னொரு ஆணி அடிச்சாப் போச்சு. மாங்கா ஊறுகா இன்னும் கொஞ்சம் போடுங்க" என்றார்.

அவர் போன பிறகு எனக்குச் சந்தோஷம் பாதி, வருத்தம் பாதி. நான் விரலைக் குத்திக்கொண்டு தைத்தது செருப்போடு செருப்பாக வெளியே தொங்க வேண்டுமா? உங்கப்பாவிடம் முறையிட்டேன். "எம் பொண்டாட்டி தச்சது என் சம்மந்தி பெல்ட்டுக்குச் சமமாத் தொங்குதுன்னா எனக்குப் பெருமைதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவரிடம் போய்ச் சொன்னேன் பார். சாயங்காலம் விளக்கு வைத்துவிட்டு, என் பழைய பட்டு ஒன்றின் முந்தியை எடுத்து உனக்குத் துணிக்கூடு வெட்ட உட்கார்ந்தேன். துணியாக இருந்தால் உள்ளே கொண்டுபோகலாம், சமையலறைக்கும் கொண்டுபோகலாம், யார் என்ன சொல்ல முடியும் என்று கத்தரிக்கோலைத் துணியில் வைத்தேன். இதை இவள் எங்கே வைப்பாள் என்று ஒரு யோசனை. வேறு எங்கே, இடுப்பில்தான். யாராவது வந்தால் கழற்றி உள்ளே செருகுவாள். சேலைக்குள் கண்ணாடி, முகத்தில் முறைப்பு. கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டேன்.

கூடு வெளியே தொங்கினால் வீட்டுக்குள்ளே உன் கண்ணாடி எங்கே இருக்கும்? வைக்க வேறு இடம் ஏது? முகத்தில்தான் இருக்க வேண்டும். காலையில் எடுத்துப் போட்டுக்கொண்டால் படுக்கப் போகும்வரை கழற்றி ஒளிக்க உனக்கு இடமே இல்லை. உன் மாமியார் இதை நினைத்துச் சொன்னாரா, வெறும் ஆசாரத்துக்குச் சொன்னாரா என்று என்னைக் கேட்காதே. அவர் ஊறுகாயில் கண்ணாக இருந்தார். ஆனால் நான் இத்தனை வருஷம் கும்பிட்டதில் தெரிந்துகொண்டது ஒன்று உண்டு. சாமி நமக்கு நல்லதைச் செய்யும்போது முக்கால்வாசி நேரம் அது யாரோ போட்ட சட்டம் மாதிரிதான் வரும். அது நமக்கு உறுத்திக்கொண்டும் இருக்கும்.

கண்ணு, உன் அனுமதியில்லாமல் உன் விஷயத்தைச் சொல்லிவிட்டேன் என்று நீ கோபப்படலாம். படு. நியாயம்தான். கல்யாணக் கோபம் எல்லாவற்றையும் இங்கேயே தீர்த்துவிட்டுப் போவது நல்லது. ஆனால் ஒரு பிள்ளை பிறக்கிற வரைக்கும் ஒளிப்பேன் என்றாயே, அதைத்தான் நினைத்துப் பார்க்கிறேன். அத்தனை காலம் நீ ஒரு வீட்டில் வெள்ளையாக ஒன்று, சிவப்பாக ஒன்று என்று நிறங்களோடு குடித்தனம் நடத்துவாயா? அவர்கள் உன்னைப் பார்ப்பார்கள், நீ யாரையும் பார்க்கமாட்டாய். உங்கப்பா கேலியாகச் சொன்னது நிஜமாகிப்போகும். புருஷன் வீட்டில் பொறுத்துப் போ, அடங்கிப் போ என்று எல்லோரும் உனக்குச் சொல்வார்கள். நானும் சொல்வேன், சொல்லாமல் இருக்கமாட்டேன். ஆனால் எதைப் பொறுக்கிறோம் என்று தெரிந்து பொறுக்க வேண்டும். அதற்கு எதிரே இருப்பவர் முகம் தெரிய வேண்டும். அந்த இரட்டை ஊசித் தையலை நான் சொன்னேனே, அதில் இரண்டு பக்கத்து நூலும் ஒரே துளையில் சந்தித்தால்தான் பிடிப்பு. ஒரு பக்கம் மட்டும் குத்திக்கொண்டே போனால் அது துணித் தையல், எங்கேயாவது ஒரு இடத்தில் அறுந்தால் முழுவதும் ஓடிவந்துவிடும்.

மணவறையில் கண்ணாடி போட்டுக்கொள்வதா வேண்டாமா என்று நான் சொல்லமாட்டேன். உன் பெரியம்மா வேண்டாம் என்பாள், ஹோமப்புகைக்குக் கண்ணாடி நல்லதுதானே என்று உங்கப்பா சொல்வார். நீயே முடிவு செய். ஒன்று மட்டும் சொல்கிறேன். மாப்பிள்ளை அன்றைக்கு இருமினதைத்தான் நீ கேட்டிருக்கிறாய். அவர் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், உனக்குத் தெரியாது. அது எனக்கு நியாயமாகப் படவில்லை.

இனி முடிச்சை அவிழ்த்துப் பார். தையல் ஒரு இடத்தில் கோணலாக இருக்கும், அங்கேதான் ஊசி என் விரலில் இறங்கியது. மஞ்சள் திட்டைப் பார்த்துச் சிரிக்காதே, உன் மாமியாருக்கும் எனக்கும் சிநேகம் உண்டாக்கினது அதுதான். மழைக்காலத்தில் ஈரம் பட்டால் துணியால் ஒற்றி நிழலில் வை, வெயிலில் வைக்காதே. எப்போதாவது ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவு. பின்பக்கம் இருக்கிற வளையத்தைப் பிரித்துவிடலாமா என்று ஊசியைக் கையில் எடுத்தேன். பிறகு ஓர் ஆணியில் மாட்டிப் பார்த்தேன். இடுப்புக்கென்று வைத்தது ஆணிக்கு அளவெடுத்த மாதிரி இருக்கிறது. அப்படியே விட்டுவிட்டேன்.

அந்த வீட்டு வாசலில் ஆரத்தி எடுத்து முடிந்ததும், வலதுகாலை உள்ளே வைப்பதற்கு முன்னால், கூட்டை ஆணியில் மாட்டு. கண்ணாடியைப் போட்டுக்கொள். தலையைக் குனிந்துகொண்டு போகாதே. படிக்கு அந்தப் பக்கம் உன் மாமியார் நின்றுகொண்டிருப்பார். முதலில் அவர் முகத்தைப் பார். சிரிக்கிறாரா முறைக்கிறாரா என்று நன்றாகப் பார்த்து எனக்கு எழுது.

அம்மா